புழுங்கல் போர்வை

நெஞ்சுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று டொக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தேகம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று தேற்றாத்தீவில் நாற்பத்தொன்பது வருடம் வாழ்ந்தும் நீந்தத் தெரியாதவன் நான். தண்ணீரும் நானும் ஒருவரை ஒருவர் தூர நின்று மதித்தே வந்திருக்கிறோம். அப்படிப்பட்டவனுக்குள் அது எந்த வழியால் புகுந்தது?

டொக்டர் பொறுமைசாலி. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைந்த பெண்மணி. என் நோயாளித் துண்டின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறினார். பார்க்கப் பப்பாசிப்பழம் போல இருந்தது, நுரையீரல் என்றார்.

"இதைச் சுத்தி ரெண்டு படையில ஒரு உறை இருக்கு. போர்வைக்கு மேல்துணியும் உள்துணியும் மாதிரி. நடுவில ஒரு கரண்டி ஈரம் இருந்தாப் போதும், மூச்சு விடேக்க உரசாது. உங்களுக்கு அந்த இடத்தில ரெண்டு போத்தல் தண்ணி நிக்குது. அதுதான் நுரையீரலை அமத்துது."

"ரெண்டு போத்தல் எண்டா, சோடாப் போத்தலா, சாராயப் போத்தலா?"

அவர் பேனையை மூடி என்னைப் பார்த்தார். "என்னத்துக்குக் கேக்கிறீங்கள்?"

"சும்மா. தெரிஞ்சு வைப்பம் எண்டு."

இந்தக் குணம்தான் என்னுடைய மூத்த வியாதி. எங்கள் ஊர் வாசிகசாலைக்கு நான் பொறுப்பாளன். சண்டைக் காலத்தில் அந்த உத்தியோகம் என்பது புத்தகங்களைக் கறையானிடமிருந்தும் கூரையை ஷெல்லிடமிருந்தும் காப்பாற்றுவது. இரண்டிலும் நான் பெரிதாக வென்றதில்லை. ஆனால் வாசிக்க நேரம் நிறையக் கிடைத்தது. பின்னேரம் பின்னேரமாகக் காய்ச்சல் வரத் தொடங்கி, வலது விலாவில் குத்தும் எடுத்து, இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு துளை போட வேண்டி வந்தபோது, வாசிகசாலையில் இருந்த வீட்டு வைத்திய நூலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்பது வியாதி இருந்தது. அதில் இரண்டு பெண்களுக்கு மட்டும் வருவது.

"புத்தகத்த மூடிட்டுச் சேட்டப் போடுங்க" என்றாள் என் மனைவி யோகம். அவள் உன்னிச்சைப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. ஒன்றைப் பார்த்தால் அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யோசிப்பாள். "ஆசுபத்திரிக்குப் போறம்."

நகரத்துக்கு இருபது மைலும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் தூரத்தை மைலால் அளப்பதில்லை, சோதனைச் சாவடியால் அளப்போம். ஒவ்வொன்றிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையாக நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். மூன்றாவது சாவடியில் நான் நடந்த நடையைப் பார்த்துக் காவலில் நின்ற ஆமிக்காரன் தன் கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டான். அவனுக்கு என் பாஷை தெரியாது. எனக்கு அவன் பாஷையில் தேநீர் கேட்க மட்டும் தெரியும். இருமலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நெஞ்சுநோய் வாட்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. அடுத்த கட்டிலில் ஜவ்பர், முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் தையற்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். நியுமோனியா வந்து பாதி குணமாகியிருந்தான். கை சும்மா இருக்காமல், தம்பியார் கடையிலிருந்து கொண்டு வந்து கொடுக்கும் சேட்டுகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அந்த வருடங்களில் எங்கள் ஊரான் அவன் ஊருக்குப் போவதில்லை, அவன் ஊரான் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதில்லை. ஏன் என்பதை இரண்டு பக்கமும் தனித்தனிப் பட்டியலாக வைத்திருந்தது. எங்கள் கட்டில்களுக்கு இடையில் இரண்டு அடி இருந்தது. முதல் நாள் இரண்டு பேரும் அந்த இரண்டு அடியை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். இரண்டாம் நாள் அவன் ஊசி விழுந்து என் கட்டிலுக்குக் கீழே உருண்டது.

"அசையாதீங்க சேர். குத்திச்செண்டா உங்கட தண்ணியெல்லாம் ஓடிப் போயிரும்."

அதிலிருந்து பேச்சு.

தண்ணீர் எடுப்பது எப்படி என்று அறிய ஆவலாக இருந்தேன். அறிந்த பிறகு அந்த ஆவல் கொஞ்சம் தணிந்தது. கதிரையில் மறுபக்கமாக உட்கார்த்தி, தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள். முதுகில் விறைக்க ஊசி. பிறகு இரண்டு விலா எலும்புக்கு நடுவில் இன்னொரு ஊசி. அது நீளமானது, அதைப் பார்க்காமல் இருப்பது நல்லது. நான் பார்த்தேன். வலி என்பதைவிட, யாரோ உள்ளே இருந்து கதவைத் தள்ளுவது போல ஓர் அழுத்தம். குழாய் வழியாகப் போத்தலில் இறங்கிய தண்ணீர் வைக்கோல் ஊறின நிறத்தில் இருந்தது. இவ்வளவு காலமும் நான் சுமந்து திரிந்த வாவி அது. மூச்சு முழுதாக உள்ளே போனபோது, ஐயோ, காற்று இவ்வளவு இனிப்பா என்று நினைத்தேன்.

அன்று யோகம் டொக்டரோடு விறாந்தையில் வெகு நேரம் நின்று கதைத்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"நல்லாச் சாப்பிடட்டாம்" என்றாள். வாவி இறால் கறியும் சோறும் கொண்டு வந்திருந்தாள். முள்ளே இல்லாத இறாலுக்குக்கூட முள்ளுப் பார்த்துத் தந்தாள். அது எனக்கு ஏன் வித்தியாசமாகப் படவில்லை என்று இப்போது யோசிக்கிறேன்.

அடுத்த தடவை வந்தபோது ஒரு சீமெந்துப் பை நிறையப் பழந்துணி கொண்டு வந்தாள். பின்னேரக் காய்ச்சல் விடும்போது உடம்பு தெப்பமாக வியர்க்கும். துடைக்கத் துணி வேண்டும். அவள் போன பிறகு பையைத் திறந்தேன். உள்ளே இருந்தது எங்கள் மகன் கோகுலனின் ரீசேட்டுகள்.

கோகுலன் முந்தின வருடம் ஜெர்மனிக்குப் போனவன். பத்தொன்பது வயதில் போனான், அல்லது அனுப்பினோம். அந்த வயதுப் பொடியன்களுக்கு ஊரில் இரண்டு வழிதான் இருந்தது. இரண்டும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு தோட்பையோடு போனான். ரீசேட் எல்லாம் இங்கே கிடந்தன. பதினொன்று. பாடசாலைக் கிரிக்கெட் அணியில் பன்னிரண்டாம் ஆளாக, அதாவது தண்ணீர் கொண்டு ஓடுபவனாக, இருந்தபோது கிடைத்தது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது நிவாரணத்தில் கிடைத்தது, நெஞ்சில் இரண்டு கை குலுக்கும் படம், அதற்குள் அவனைப் போல மூன்று பேர் புகலாம். சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் நின்றபோது போட்டது, கழுத்தெல்லாம் சர்க்கரைத் தண்ணீர்க் கறை. மற்றதெல்லாம் வெளிர் நிறம், விளையாட்டுப் போட்டிக்குப் போட்டது மட்டும் சிவப்பு. அவன் ஓடிய எல்லா ஓட்டத்திலும் கடைசியாக வந்தான். ஆனால் அந்தச் சிவப்பு தூரத்திலிருந்தே தெரிந்ததால், கடைசியாக வருவது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒன்றை எடுத்துக் கிழிக்கப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் பிடித்தேன், கைப் பக்கம் பிடித்தேன். கிழியும் துணிதான். கை இழுக்கவில்லை.

"என்ன சேர், சட்டையோட பறைஞ்சிட்டு இரிக்கீங்க?" என்றான் ஜவ்பர்.

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தன் கழுத்தில் கிடந்த துவாயை எடுத்து என் கட்டிலில் போட்டான். "இதால துடைங்க. அத மடிச்சு வைங்க."

மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். வாசிகசாலைக்கு எப்போதோ மூட்டையாக வந்த வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் பார்த்தது ஞாபகம் வந்தது: பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு அவர்களுடைய பழைய ரீசேட்டுகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று பொருத்தித் தைத்துப் போர்வையாக்குவார்களாம். ஞாபகப் போர்வை. எனக்கு வேலை இல்லை, துணி இருக்கிறது, அடுத்த கட்டிலில் ஊசியோடு ஒருவன் கிடக்கிறான். அறிவுள்ளவன் இந்த இடத்தில் ஜவ்பரிடம் தைக்கக் கொடுத்திருப்பான்.

"நானே தைக்கப் போறன்" என்றேன்.

"சேர் இதுக்கு முன்ன என்ன தைச்சிரிக்கீங்க?"

"புத்தகம்."

"புத்தகம் இழுபடாது. ரீசேட் இழுபடும். இது பின்னல் துணி சேர், வெட்டின உடன ஓரம் சுருண்டு போயிரும், உங்களப் பாத்து வெக்கப்பட்டு."

அவன் சொன்னது சரி. ஒரே அளவில் வெட்ட ஒரு விறைப்பான அச்சு வேண்டும் என்றான். என்னிடம் இருந்தது எனது முதல் எக்ஸ்ரே. மூச்சைப் பிடிக்கச் சொன்ன நேரத்தில் நான் இருமியதால் கலங்கிப்போய், திரும்ப எடுக்க வேண்டி வந்தது. கலங்கின படத்தை வாட்டுத் தாதி, எங்கள் வாயில் மிஸ்ஸி, எனக்கே தந்துவிட்டா. அதை ஜவ்பர் ஒரு சாண் சதுரமாக வெட்டினான். அப்படியாக, என் விலா எலும்புகளை என் மகனின் உடுப்பின் மேல் வைத்துச் சோக்கட்டியால் கோடு போட்டேன். பின்துணிக்கு நான் உடுத்திப் பழசான சாறன் ஒன்று வேண்டும் என்று யோகத்திடம் கேட்டேன். என்னத்துக்கு என்று அவள் கேட்கவே இல்லை. அடுத்த தடவை இரண்டு கொண்டு வந்தாள், தோய்த்து மடித்து.

நூல் ஜவ்பர் தந்தான். வெள்ளை. "இது பருத்தி இல்ல சேர், கொழும்பு நூல். உக்காது, சாயமும் ஏறாது. துணி போனாலும் தையல் நிக்கும்." வெளிர் துணியில் வெள்ளை நூல் என்றால் தையல் கோணினாலும் வெளியே தெரியாது என்றும் சொன்னான். என்னை அவன் புரிந்துகொண்டு விட்டான்.

சிவப்பு ரீசேட்டை எடுத்தபோது மட்டும் கையைப் பிடித்தான்.

"இது சாயம் விடும். முதல்ல தண்ணிக்க போட்டுப் பாருங்க."

"இவன் இதப் போட்டு நாலு வருசம் தோய்ச்சிரிக்கான் ஜவ்பர். இனி என்ன சாயம்?"

"பச்சத்தண்ணில தோய்ச்சிருப்பாங்க. சுடுதண்ணி பட்டாத்தான் இதுட குணம் தெரியும்."

"போர்வைய யாரும் சுடுதண்ணிக்க போடுவானா?" என்றேன், நிறைய வாசித்தவனின் தோரணையோடு. இந்த வசனத்தை வாசகர் கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாவதாக ஒரு ரீசேட் வீட்டில் உண்டு. மஞ்சளில் கறுப்பு வரி. அதை ஏன் கொண்டு வரவில்லை என்று கேட்டதற்கு யோகம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நாட்களில் வரிக்கு ஒரு பொருள்தான் இருந்தது. ஐந்து சாவடியிலும் அதை விரித்து, இது வெறும் உடுப்பு என்று விளங்கப்படுத்த அவளுக்கு நேரமில்லை.

மொத்தம் முப்பது கட்டம் வைக்கத் தீர்மானித்தேன். ஏழாவது கட்டம் தைத்துக்கொண்டிருந்த காலையில் டொக்டர் வந்தார். எடுத்த தண்ணீர் மறுபடி ஊறத் தொடங்கியிருந்தது.

"டொக்டர், இது என்னத்தால வருது?"

"காசநோயாலயும் வரலாம்."

"வேற என்னவா இருக்கலாம்?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஆனால் மற்றக் கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் விட்டால் அது கோழைத்தனம். அவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டொக்டர்மார் உட்காருவது நல்லதுக்கில்லை.

"நீங்க சிகரெட் பத்தினவர். வயசும் அம்பதாகுது. புற்றுநோய் எண்டாலும் இப்பிடித் தண்ணி ஊறும். தண்ணிய மட்டும் பாத்துச் சொல்ல ஏலாது. உறையில ஒரு அரிசியளவு கிள்ளி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பப் போறம். காசநோய் எண்டா மருந்திருக்கு, மாறும்."

மற்றது என்றால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. நானும், என் வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்கவில்லை.

அவர் போன பிறகு ஊசியை எடுத்தேன். நூல் கோர்க்க முடியவில்லை. நூல் நுனியை வாயில் ஈரமாக்கினேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசித் துளை ஒரு பக்கம், என் கை இன்னொரு பக்கம். ஜவ்பர் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் துணியையும் ஊசியையும் என் கையிலிருந்து வாங்கினான். என் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நான்கு பக்கமும் தைத்து முடித்தான். மெசின் அடித்தது போல நேராக. கிரிக்கெட் ரீசேட்டின் கட்டம் அது. முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னான்:

"மிச்சம் இருவத்திமூண்டும் நீங்கதான் தைக்கணும். நான் கூலிக்குத் தைக்கிறவன்."

அன்று பின்னேரம் யோகம் வந்தபோது, "டொக்டர் என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

"இன்னொரு சோதனை செய்யப் போறாங்களாம். சும்மா சின்னது" என்றேன். அவள் தலையாட்டினாள். பிளாஸ்கைத் திறந்து இஞ்சிக் கோப்பி ஊற்றித் தந்தாள். நான் நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்தேன்.

கிள்ளி எடுத்த துணுக்கு கொழும்புக்குப் போனது. சொல்லும்போது இலகு. ரயில் ஓடும் நாளில் பாதை மூடியிருக்கும், பாதை திறக்கும் நாளில் ரயில் நின்றிருக்கும். ஒரு சின்னப் போத்தலுக்குள், மருந்துத் தண்ணீரில், என்னில் ஓர் அரிசியளவு எந்த ஸ்டேஷனில் குந்திக்கொண்டிருக்கிறதோ என்று யோசிப்பேன். நான் கொழும்புக்குப் போய்ப் பதினெட்டு வருடம். என்னில் ஒரு துண்டு எனக்கு முதல் போய்விட்டது.

காத்திருப்பதற்கு ஒரு முறை உண்டு என்று அப்போது கண்டுபிடித்தேன். நாளை எண்ணக்கூடாது, கட்டத்தை எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். பயம் கூடின நாளில் தையல் நெருக்கமாக விழும், நுளம்பு கடித்தது போல. இருமல் வந்த நாளில் ஒன்று நீளம், ஒன்று கட்டை. இரண்டாம் முறை தண்ணீர் எடுத்த அன்று படுத்தபடி தைத்ததில் வரிசை மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கியது. ஜவ்பர் ஒவ்வொரு காலையும் பரிசோதிப்பான்.

"இது என்ன சேர், ரோட்டா?"

"ஏன்?"

"அங்கங்க செக்பொயிண்ட் வைச்சிரிக்கீங்களே."

பதினெட்டாம் கட்டத்தோடு ஜவ்பரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நூல் கட்டையையும் இரண்டு ஊசியையும் என் மேசையில் வைத்தான்.

"நான் உங்கட ஊருக்கு வர ஏலா. நீங்க எங்கட ஊருக்கு வர ஏலா. இனி ரெண்டு பேரும் சந்திக்கிறதெண்டா ஆசுபத்திரியிலதான்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் வாணாம் சேர்" என்றான்.

அவன் கட்டிலுக்கு ஒரு பஸ் கொண்டக்டர் வந்தார். நல்ல மனிதர். ஊசியைக் கண்டால் மயங்குவார்.

இருபத்தொன்பதாம் கட்டம் தைத்துக்கொண்டிருந்த காலை, டொக்டர் ஒரு கடதாசியோடு வந்தார். உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

"காசநோய்" என்றார்.

காசநோய் வந்திருக்கிறது என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். கொண்டக்டர் பயந்துபோய்க் கட்டிலை ஓர் அடி தள்ளினார். மிஸ்ஸி வந்து குளிசைகளை விளங்கப்படுத்தினா: மாதக்கணக்கில், ஒரு நாளும் தவறாமல், வெறும் வயிற்றில். அதில் ஒன்று உடம்பில் ஊறும் தண்ணீரையெல்லாம் சிவப்பாக்கும், பயப்பட வேண்டாம் என்றா. மறுநாள் காலை அது மெய்தானா என்று பார்க்க நான் அவசரமாகப் போனதை விரிவாக எழுதத் தேவையில்லை. மெய்தான்.

குளிசைகள் வேலை செய்து காய்ச்சல் விட்டு, வீட்டுக்கு அனுப்பும் நாளும் வந்தது. உடுப்பு, படுக்கை பற்றி யோகம் மிஸ்ஸியிடம் விசாரித்தாள்.

"நல்ல வெயில்ல ரெண்டு நாள் காயப் போட்டாக் காணும் அம்மா. வெயில்ல அந்தக் கிருமி நிக்காது."

யோகம் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைச் செய்வதற்கான தலையாட்டல் அது.

வீட்டுக்கு வந்து நான் அறைக்குள் படுத்து நித்திரையாகிவிட்டேன். எழும்பி வந்து பார்த்தால் போர்வை இல்லை. பின்வளவில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர். உள்ளே என் முப்பது கட்டமும் மூழ்கிக் கிடந்தது.

"என்ன இது?"

"ஊறட்டும்."

வயல்காரர் வீட்டில் ஒரு பொருளைப் பழுதாகாமல் நீண்ட காலம் வைத்திருக்க ஒரே ஒரு வழிதான் தெரியும். நெல் என்றால் ஊறப்போட வேண்டும், அவிக்க வேண்டும், பாயில் பரப்பிக் காயவைக்க வேண்டும். அவிக்காத அரிசியில் புழு வரும், அவித்ததில் வராது. கிருமியும் ஒரு வகைப் புழுதானே என்பது யோகத்தின் விஞ்ஞானம். மறுநாள் விடிந்ததும் நெல் அவிக்கும் கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, போர்வையை உள்ளே வைத்து, சாக்கால் மூடி, மேலே ஆவி கிளம்பும்வரை விறகு தள்ளினாள். நான் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். சுடுதண்ணீர் பற்றி ஜவ்பர் சொன்னது ஞாபகம் வந்தபோது சாக்கின் ஓரத்தால் வடிந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. முதலில் எனது குளிசையின் வேலை என்றுதான் நினைத்தேன்.

புற்றுநோய் என்றால் இந்தப் போர்வை தப்பியிருக்கும்.

யோகம் இரண்டு தடியால் தூக்கி ஓலைப்பாயில் போட்டாள். விரித்தாள். இரண்டு பேரும் பார்த்தோம். எல்லாம் ஒரே நிறம்: கொய்யாப்பழத்தின் உட்பக்கத்துச் சிவப்பு. கிரிக்கெட் ரீசேட்டின் எழுத்து உரிந்து போயிருந்தது. நிவாரண ரீசேட்டில் கைகுலுக்கிய இரண்டு கையும் காணாமல் போயிருந்தன. தண்ணீர்ப்பந்தல் எது, பாடசாலை எது என்று ஒன்றும் தெரியவில்லை. ஓடிய எல்லா ஓட்டத்திலும் கடைசியாக வந்த சிவப்பு, இந்த ஒரு ஓட்டத்தில் மற்ற எல்லாரையும் முந்திவிட்டது.

யோகம் வாயில் கையை வைத்தாள். "ஐயோ. பிள்ளைட படமெல்லாம் போயிற்றே."

தேறுதல் சொல்லக் குனிந்தபோதுதான் அதைக் கண்டேன். துணியெல்லாம் சாயம் ஏறியிருந்தது. ஜவ்பரின் நூலில் மட்டும் ஏறவில்லை. வெளிரில் வெளிராக ஒளிந்திருந்த என் தையல் முழுவதும், இப்போது சிவப்பு நிலத்தில் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. ஒவ்வொரு கோணலும். ஒவ்வொரு நடுக்கமும். ஊருக்குக் காட்டுவதற்கென்றே யாரோ அடிக்கோடு போட்டது போல.

யோகமும் குனிந்தாள். நெல்லுக்குள் கல் பார்ப்பவளின் கண். விரலை ஒரு வரிசையில் வைத்து நகர்த்தினாள்.

"இது என்ன, மேட்டுல ஏறிப் பள்ளத்துல விழுது?"

"ரெண்டாந்தரம் தண்ணி எடுத்த அண்டு. படுத்துக் கிடந்து தைச்ச."

"இது?"

"இருமல்."

விரல் இன்னும் நகர்ந்தது. ஏழாவது கட்டத்தில் நின்றது. நான்கு பக்கமும் நேர்கோடு.

"இது நீங்க தைச்ச இல்ல."

"ஜவ்பர்."

"அண்டைக்கு என்ன நடந்த?"

பொய் சொல்ல ஒரு வசனம் தேடினேன். கிடைத்ததெல்லாம் புத்தகத்தில் வாசித்தவை. உண்மையைச் சொன்னேன்: புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னது, ஊசி கோர்க்க முடியாமல் போனது, அவளிடம் மறைத்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தக் கட்டத்தைத் தடவி நேராக்கினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முதல்தரம் தண்ணி எடுத்த அண்டே விறாந்தையில வைச்சு டொக்டர் எனக்குச் சொல்லிற்றா. உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு நான்தான் மன்றாடின. நீங்க நோண்டி நோண்டிக் கேட்டு எடுத்திட்டீங்க." பிறகு சொன்னாள்: "பழந்துணி இல்லாமலா பிள்ளைட ரீசேட்டக் கொண்டந்தன்? என்ட பழஞ்சீலை ரெண்டு அலுமாரிக்க சும்மா கிடக்கு. நீங்க கிழிக்க மாட்டீங்க எண்டு தெரியும். அவன் பக்கத்துல இரிக்கட்டும் எண்டுதான்."

வாவிப் பக்கமிருந்து காற்று வந்து போர்வையின் ஓரத்தைத் தூக்கியது. அவள் காலால் மிதித்துப் பிடித்தாள்.

"நீ ஒரு சொல்லுச் சொல்லல்லியே" என்றேன்.

"நீங்க கேக்கல்லியே. டொக்டரக் கேட்ட, மிஸ்ஸியக் கேட்ட, தையக்காரனக் கேட்ட. போத்தல் பெரிசா சின்னனா எண்டும் கேட்ட. என்னட்ட என்ன கேட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். சாறன் கேட்டிருந்தேன்.

"சரி, இப்ப கேக்கிறன்" என்றேன். "நீ பயந்தியா?"

அவள் குனிந்து போர்வையின் இரண்டு மூலையைப் பிடித்தாள். மற்ற இரண்டு மூலைக்கும் என்னைக் கண்ணால் காட்டினாள்.

"இந்தப் பக்கம் வடிஞ்சிட்டு. புடிங்க, திருப்பிப் போடுவம்."

பிடித்தேன். ஈரத்தில் அது நல்ல பாரம். அவள் பக்கத்து இரண்டு மூலையும் நடுங்கிக்கொண்டிருந்தன. காற்றாக இருக்கலாம் என்று நினைத்தேன். காற்று அப்போது நின்றிருந்தது.